நாப் திருகினா நம்பர் ஓடுது, ஆனா ஸ்டேஷன் வரலையே! – வீட்டு சிமுலேட்டர் ரேடியோ: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த லெட்டர், மெயில் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல, வீட்டு கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டற ஃப்ளைட் சிமுலேட்டரோட ரேடியோ பத்தின கேள்விதான். டேக்-ஆஃப் வந்துருச்சு, லேண்டிங் ஓரளவு வந்துருச்சு, இந்த நாபும் டிஸ்பிளேயும் மட்டும் பிடிபட மாட்டேங்குதுன்னு ஆளாளுக்குப் புலம்பியிருக்கீங்க. சரி, இந்த தடவை பக்கம் முழுக்க ரேடியோவுக்கே விட்டாச்சு.

கேள்வி: சார், என் பழைய லேப்டாப்புல எஃப்எஸ்எக்ஸ்தான் (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்) ஓடும். அதுல செஸ்னா 172 சின்ன விமானம். ஏர்போர்ட் டவரை 118.70-ல கூப்பிடச் சொல்றாங்க, நானும் நம்பரை மாத்துறேன், டிஸ்பிளேயிலயும் 118.70 காட்டுது, ஆனா டவர் பேச மாட்டேங்குது. சாஃப்ட்வேர்ல பிரச்னையா? – காலேஜ் மாணவர், சேலம்

பதில்: சாஃப்ட்வேர்ல ஒண்ணும் இல்ல தம்பி, நீங்க மாத்தினது ஸ்டாண்ட்பை. உத்துப் பாருங்க, காம் ரேடியோவுல, அதாவது பேசற ரேடியோவுல, ரெண்டு நம்பர் இருக்கும், இடது பக்கம் இருக்கறது ஆக்டிவ், அதுலதான் இப்ப பேசுறீங்க, கேக்குறீங்க. வலது பக்கம் ஸ்டாண்ட்பை, நாபைத் திருகினா மாறுறது இந்த நம்பர் மட்டும்தான். ரெண்டுக்கும் எதிரெதிரா அம்புக்குறி போட்ட ஒரு பட்டன் இருக்கும் பாருங்க, அதை ஒரு தட்டு தட்டினா ரெண்டும் இடம் மாறிக்கும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

எதுக்கு இந்த சுத்து வேலைன்னு கேப்பீங்க. கிரவுண்ட்ல பேசிட்டு டாக்ஸி பண்ணும்போதே டவர் நம்பரை ஸ்டாண்ட்பைல வெச்சுக்கலாம், ரன்வே பக்கம் போனதும் ஒரே தட்டு. இன்னொரு லாபம், மாத்தின பிறகு பழைய நம்பர் தொலைஞ்சு போகாம ஸ்டாண்ட்பைலயே உக்காந்திருக்கும், புது இடத்துல பதில் வரலன்னா மறுபடி தட்டி பழைய ஆள்கிட்டயே போய் நம்பரைச் சரியா கேட்டுக்கலாம். நிஜ பைலட்டுங்க செய்யறதும் இதேதான்.

நாபைப் பத்தியும் ஒரு வார்த்தை. பெண்டிக்ஸ்/கிங் கேஎக்ஸ் 155 மாதிரியான ரேடியோவுல ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு நாப் இருக்கும், வெளியில இருக்கற பெருசு மெகாஹெர்ட்ஸ், உள்ள இருக்கற சின்னது புள்ளிக்குப் பின்னாடி வர்ற பகுதி. சின்னதை அப்படியே திருகினா 50 கிலோஹெர்ட்ஸ் தாவும், வெளிய இழுத்துட்டு திருகினா 25. காம் ரேடியோ 118.000-ல ஆரம்பிச்சு 136.975-ல முடியும், 136-ஐத் தாண்டித் திருகினா சுத்திக்கிட்டு 118-க்கே வந்துரும். அதனால 118-ல இருந்து 135 போகணும்னா இடது பக்கம் திருகுங்க, ரெண்டே கிளிக்.

கேள்வி: எம்எஸ்எஃப்எஸ் 2020-ல (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்) மவுஸை நாப் மேல கொண்டு போனா அது நீலமா மின்னுது, ஆனா வீலைச் சுத்தினா கேமரா ஜூம் ஆகுது. கடுப்பா இருக்கு. – திருப்பூர் வாசகர்

பதில்: ஆப்ஷன்ஸ்ல ஜெனரல், அதுக்குள்ள ஆக்ஸசிபிலிட்டி, அங்க காக்பிட் இன்டராக்‌ஷன் சிஸ்டம்னு ஒண்ணு இருக்கும். லாக்னு இருக்கறதை லெகசின்னு மாத்துங்க. இனிமே நாப் மேல மவுஸை வெச்சு வீலைச் சுத்தினாலே நம்பர் ஓடும். லாக் முறை கேம் கன்ட்ரோலர் வெச்சிருக்கறவங்களுக்கு வசதி, மவுஸ்காரங்களுக்கு அது இம்சைதான்.

கேள்வி: சிமுலேட்டர்ல 118.025-ன்னு சொல்றாங்க, நான் வாங்கின யுஎஸ்பி ரேடியோ பேனல்ல 118.02-ன்னுதான் வருது. கடைசி 5 எங்க போச்சு? டிஃபெக்ட் பீஸா, திருப்பி அனுப்பட்டுமா? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: அனுப்பாதீங்க, பீஸ் நல்லாத்தான் இருக்கு. முன்னாடி சைடெக்னு வந்து இப்ப லாஜிடெக் பேர்ல வர்ற ரேடியோ பேனல்ல ஒவ்வொரு டிஸ்பிளேயிலயும் அஞ்சு இலக்கத்துக்குத்தான் இடம், ஆறாவதை அது காட்டாது. உள்ள 118.025-ன்னுதான் இருக்கு.

இந்தக் கடைசி இலக்கத்தை முழுங்குற பழக்கம் ரொம்பப் பழசு. பழைய சிமுலேட்டருங்க ஃப்ரீக்வன்சியை நாலே இலக்கமாத்தான் வெச்சிருந்துச்சு, 123.45-ன்னா உள்ள 2345. முன்னாடி இருக்கற 1 எப்பவும் 1-தான், அதை எதுக்கு எழுதணும்னு விட்டுட்டாங்க, 118.025 மாதிரி நம்பர்ல மூணாவதா வர்ற கடைசி 5-ம் யூகிச்சுக்கலாம்னு விட்டுட்டாங்க. 25 கிலோஹெர்ட்ஸ் கணக்குல நம்பர் 00, 25, 50, 75 இந்த நாலுலதான் முடியும், அதனால 2-ன்னு பார்த்தா 25, 7-ன்னு பார்த்தா 75, குழப்பமே இல்ல. எஃப்எஸ்யூஐபிசிங்கற, வெளி பேனலை சிம்மோட இணைக்கற மென்பொருள் வழியா பேனல் செஞ்சவங்க இன்னிக்கும் இந்த நாலு இலக்கத்தோட மல்லுக்கட்டியிருப்பாங்க.

குழப்பம் வந்தது ஐரோப்பாவால. அங்க வானத்துல நெரிசல், சேனல் பத்தல, அதனால 25-ஐ மூணா வெட்டி 8.33 கிலோஹெர்ட்ஸ்னு ஆக்கினாங்க. 1999-ல உயரப் பறக்கறவங்களுக்கு வந்துச்சு, 2018 வாக்குல கீழ பறக்கற சின்ன விமானங்களுக்கும் வந்துருச்சு. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. டிஸ்பிளேயில 118.005, 118.010, 118.015-ன்னு வருதே, அது நிஜமான ஃப்ரீக்வன்சி இல்ல, சேனலோட பேரு. 118.005-ன்னா உண்மையில 118.000-லதான் நிக்குது, ஆனா ரிசீவர் குறுகலா கேக்கணும்னு அர்த்தம். 118.010 வெச்சா நிஜத்துல 118.0083. இந்தக் கணக்குல 20, 45, 70, 95-ல முடியற நம்பரே கிடையாது, அப்படி ஒரு நம்பரை யாராவது எழுதி வெச்சிருந்தா டைப் பண்றப்போ தப்பு விட்டிருக்காங்கன்னு எடுத்துக்கலாம்.

சிமுலேட்டர்ல நாப் திருகும்போது நம்பர் அஞ்சஞ்சா நகர்ந்தா 8.33-ல இருக்கீங்க, இருபத்தஞ்சு இருபத்தஞ்சா தாவினா 25-ல. எம்எஸ்எஃப்எஸ்ல இதை மாத்தறதுக்கு தனியா ஒரு கமாண்டே இருக்கு. சென்னை, மதுரை, திருச்சின்னு சுத்திக்கிட்டு இருக்கறவங்க 25-லயே விட்டுருங்க, விரல் வலி மிச்சம்.

கேள்வி: ஹீத்ரோவுல 27 ரைட் ரன்வேக்கு ஐஎல்எஸ் (ரன்வேக்கு நேரா இறங்க வழிகாட்டற சிக்னல்) 110.30 வெச்சு வர்றேன். ஊசி உயிரோட இருக்கு, ஆனா இடது பக்கம் போன்னு காட்டும்போது இடது பக்கம் போனா இன்னும் விலகுது. சாஃப்ட்வேர் பக்னு நினைக்கிறேன், நீங்க என்ன சொல்றீங்க? – ஹாரோ, லண்டன்ல இருந்து ஒரு வாசகர்

பதில்: அருமையான கேள்வி, இதுக்காகவே இந்தப் பக்கம் போடலாம். வீட்டுக்குப் பக்கத்து ஏர்போர்ட்ங்கறதால சார்ட்டை (விமானிகளோட வரைபடம்) எடுத்துப் பாருங்க. 27 ரைட்டுக்கு 110.30. அதே ரன்வேயோட மறுமுனை 09 லெஃப்ட், அதுக்கும் 110.30-தான்! பக்கத்து ரன்வே 27 லெஃப்டுக்கும் அதோட மறுமுனை 09 ரைட்டுக்கும் 109.50. ஒரே ரன்வேயோட ரெண்டு முனையிலயும் ஒரே நேரத்துல விமானம் இறங்காதுங்கறதால நிஜத்துல ஒரு பக்கம் ஓடும்போது மறுபக்கத்தை அணைச்சு வெச்சிருப்பாங்க, அதனால ஒரே நம்பரை ரெண்டுக்கும் குடுத்துடலாம்.

சிமுலேட்டர்ல யாரு போய் அணைக்கறது? எந்த முனை உயிரோட இருக்கணும்னு அதுவாத்தான் முடிவு பண்ணணும், சிமுக்கு சிம் அது வேற மாதிரி. உங்க கேஸ்ல மேற்கு பார்த்து இறங்குறீங்க, ஆனா உங்களுக்குக் கிடைச்சது 09 லெஃப்டோட சிக்னல், அதைப் பின்பக்கமா இருந்து பிடிக்கறீங்க. அப்படிப் பிடிச்சா ஊசி தலைகீழாத்தான் காட்டும், அது விமானவியல்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், பக் இல்ல.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி காது. ஆடியோ பேனல்ல நாவ் 1 (வழிகாட்டற சிக்னலைப் பிடிக்கற ரேடியோ) பட்டனை அமுக்குங்க, மோர்ஸ் சத்தம் வரும். 27 ரைட்டோட அடையாளம் ஐ-ஆர்-ஆர், 09 லெஃப்ட் ஐ-ஏ-ஏ. ஐ ரெண்டுக்கும் பொது, டிட்-டிட். அப்புறம் ஆர்னா டிட்-டா-டிட், ஏ-ன்னா வெறும் டிட்-டா. ஐ-ஆர்-ஆர் வந்தா இறங்குங்க, ஐ-ஏ-ஏ வந்தா அந்த ஊசியைத் தொடாதீங்க. நிஜத்துல எல்லா பைலட்டும் ஐஎல்எஸ் வெச்சா இந்த ஐடென்ட்டைக் கேட்டுட்டுத்தான் நம்பணும்னு பாடம். வீட்ல உக்காந்து ஓட்டறவங்கள்ல ரொம்பப் பேரு இந்தச் சத்தத்தை தொந்தரவுன்னு ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க. என்னைக் கேட்டா ரேடியோவை டியூன் பண்றதுங்கறதே நம்பர் வைக்கறதோட முடியறதில்ல, ஐடென்ட் காதுல விழுந்தாத்தான் டியூன் ஆச்சுன்னு கணக்கு. மோர்ஸ் மனப்பாடம் வேணாம், சார்ட்லயே புள்ளியும் கோடும் பக்கத்துல போட்டிருக்கும், பார்த்துக்கிட்டே கேக்கலாம்.

கேள்வி: எனக்கு ஐடென்ட் சரியா வருது, நம்பரும் ஆக்டிவ்ல இருக்கு, ஆனா ஊசி நடுவுல செத்த மாதிரி நிக்குது. – மதுரை வாசகி

பதில்: மேடம், உங்க விமானத்துல ஜிஎன்எஸ் 530 இல்லன்னா 430-ங்கற ஜிபிஎஸ் பெட்டி இருக்குதானே? அதோட கீழ் வரிசைல சிடிஐன்னு ஒரு பட்டன். ஸ்க்ரீன்ல ஜிபிஎஸ்னு எழுதியிருந்தா ஊசி ஜிபிஎஸ் பேச்சைக் கேட்டுக்கிட்டு இருக்கு, நீங்க கஷ்டப்பட்டு வெச்ச ஐஎல்எஸ் அதோட காதுல ஏறவே இல்ல. அந்தப் பட்டனை அமுக்கி விஎல்ஓசின்னு மாத்துங்க. ஜி1000-ங்கற ஸ்க்ரீன் காக்பிட்லயும் சிடிஐ சாஃப்ட்கீதான்.

அப்பவும் வரலன்னா நாவ் 2-ல வெச்சுட்டு நாவ் 1-ஓட டயலைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்களான்னு பாருங்க, ரெண்டு டயல் இருக்கற விமானத்துல மேல இருக்கறது நாவ் 1, கீழ நாவ் 2. தூரமும் ஒரு காரணம். ஐஎல்எஸ் நேர் கோட்டுல ஒரு 18 நாட்டிக்கல் மைலுக்கு நம்பலாம், 40 மைலுக்கு அப்பால இருந்துக்கிட்டு ஏன் வரலன்னு கேட்டா எப்படி.

இந்த இடத்துல இன்னொண்ணும் சொல்லிடறேன். நாவ் ரேடியோ 108.00-ல இருந்து 117.95 வரைக்கும். ஐஎல்எஸ் எல்லாம் 108.10-க்கும் 111.95-க்கும் நடுவுலதான், அதுலயும் புள்ளிக்கு அடுத்த இலக்கம் ஒற்றைப்படையா இருக்கும். 109.50, 110.30, 111.75, இப்படி. இரட்டைப்படை எல்லாம் விஓஆருக்கு, அதாவது திசை காட்டற தரை நிலையத்துக்கு. அதனால ஐஎல்எஸ்னு நினைச்சு 110.40 வெச்சிருந்தா எங்கயோ தப்பா படிச்சிருக்கீங்க. 112-க்கு மேல எல்லாமே விஓஆர், லண்டன் விஓஆர் 113.60, சான் ஃபிரான்சிஸ்கோ 115.80.

கேள்வி: வாட்சிம்ல (நிஜ ஆளுங்களே கன்ட்ரோலரா உக்காந்து பேசற ஆன்லைன் சிமுலேட்டர் நெட்வொர்க்) சேர்ந்திருக்கேன் அண்ணா. நான் கன்ட்ரோலரைக் கூப்பிட்டா பதிலே இல்ல, ஆனா மத்தவங்க பேசறது எனக்கு நல்லா கேக்குது. என் ஃப்ரெண்டு டிஸ்கார்டுல என் மைக் நல்லா இருக்குன்னு சொல்றான். – திருச்சி வாசகர்

பதில்: மத்தவங்க பேசறது கேக்குதுன்னா ரேடியோவுக்குக் கரண்ட் இருக்கு, ஏவியானிக்ஸ் மாஸ்டர் ஆன்ல இருக்கு, அது வரைக்கும் சரி. பிரச்னை அனுப்பற பக்கம். ஆடியோ பேனல்ல கேக்கறதுக்கு ஒரு வரிசை பட்டன், பேசறதுக்கு தனியா ஒரு செலக்டர். காம் 1-ல கன்ட்ரோலர் பேசறதைக் கேட்டுக்கிட்டு காம் 2-ல பதில் சொல்லிக்கிட்டு இருப்பீங்க, அந்தப் பக்கம் யாரும் இல்லாத ஏதோ ஒரு நம்பர்ல உங்க குரல் போய்க்கிட்டு இருக்கும். மைக் செலக்டரைக் காம் 1-க்குத் திருப்புங்க. விபைலட், எக்ஸ்பைலட் மாதிரி மென்பொருள்ல எந்த ரேடியோல டிரான்ஸ்மிட் ஆகுதுன்னு டிஎக்ஸ்னு விளக்கு எரியும், அதையும் ஒரு கண் பார்த்துக்கங்க. புஷ்-டு-டாக் பட்டனை அங்க தனியா செட் பண்ணணும், டிஸ்கார்டுல செட் பண்ணது இங்க செல்லாது.

2019 அக்டோபர்ல வாட்சிம் புது வாய்ஸ் சிஸ்டத்துக்கு மாறினதுல இருந்து ரேடியோ தூரமும் நிஜம் மாதிரியே கணக்குப் பண்ணுது. தரையில நின்னுக்கிட்டு 150 மைல் தள்ளி இருக்கறவரைக் கூப்பிட்டா கேக்காது. விஎச்எஃப் நேர்கோட்டுல போற அலை, உயரம் கூடக் கூடத்தான் எட்டும். அடி கணக்குல உயரத்தை எடுத்து அதோட வர்க்கமூலத்தை 1.23-ஆல பெருக்குங்க, நாட்டிக்கல் மைல் வரும், 1000 அடில சுமார் 39, பத்தாயிரம் அடில 123. தோராயக் கணக்குதான், ஆனா ரொம்ப உதவும்.

கன்ட்ரோலர் யாருமே ஆன்லைன்ல இல்லன்னா 122.800 யூனிகாம்ங்கற பொது நம்பர், நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு அங்க சொல்லிட்டு செய்யுங்க. இன்னொரு ரேடியோவுல 121.500 வெச்சுக் கேட்டுக்கிட்டே இருக்கறது நல்ல பழக்கம், ஆனா அது அவசர நேரத்துக்கான நம்பர், அங்க போய் ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங் சொல்லி யாரும் நல்ல பேரு வாங்கினதில்ல. ஜிஎன்எஸ் 530-ல காம் மாத்தற பட்டனை ரெண்டு செகண்டு அமுக்கிப் பிடிச்சா தானாவே 121.500 வந்துரும், அதனால அழுத்திட்டு விரலை அங்கயே வெச்சிருக்காதீங்க.

கேள்வி: டிரான்ஸ்பாண்டர்ல 8-ம் 9-ம் வர மாட்டேங்குது! – நாகர்கோவில்

பதில்: வராது. ராடாருக்கு நம்ம விமானத்தை அடையாளம் காட்டற கோடு அது. நாலு இடம், ஒவ்வொண்ணுலயும் 0-ல இருந்து 7 வரைக்கும் மட்டும், மொத்தம் 4096 கோடு. 7700 எமர்ஜென்சி, 7600 ரேடியோ போச்சுன்னு அர்த்தம், 7500 கடத்தல். இந்தக் கடைசியை வாட்சிம்ல விளையாட்டுக்குக்கூட வைக்கக் கூடாது, விதியே இருக்கு, வெளிய தூக்கிப் போட்டுருவாங்க. கோடு வெச்சா மட்டும் பத்தாது, மோடையும் ஸ்டாண்ட்பைல இருந்து, உயரத்தையும் சேர்த்து அனுப்பற ஆல்ட்டுக்குத் திருப்புங்க.

கேள்வி: என் பையன் பத்தாவது முடிச்சிருக்கான், எப்பவும் சிமுலேட்டர்தான். ரேடியோ பேனல் வாங்கித் தாங்கன்னு கேக்கறான், விலையைப் பார்த்தா தலை சுத்துது. ஆர்டினோங்கற சின்ன எலக்ட்ரானிக் போர்டு வெச்சு வீட்லயே செய்யலாம்னு சொல்றாங்களே, நம்மளால முடியுமா? எனக்கு சால்டரிங் தெரியும், புரோகிராமிங் தெரியாது. – ஈரோடு வாசகர்

பதில்: சால்டரிங் தெரிஞ்சா முக்கால்வாசி முடிஞ்சுருச்சுங்க. புரோகிராமிங் ஒரு வரி கூட வேணாம், மொபிஃப்ளைட்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, போர்டுக்குள்ள போடற நிரலை அதுவே ஏத்திக்கும், எந்த நாப் எதை மாத்தணும்னு லிஸ்ட்ல இருந்து தேர்ந்தெடுத்தா போதும். எம்எஸ்எஃப்எஸ், எக்ஸ்-பிளேன் ரெண்டுக்கும் பேசும்.

சாமான் என்னன்னா, ஆர்டினோ மெகா 2560 ஒண்ணு, திருகற கிளிக்கை எண்ணற ரோட்டரி என்கோடர் ரெண்டு, மேக்ஸ்7219 சிப் வெச்ச எட்டு இலக்க செவன்-செக்மென்ட் மாட்யூல் ரெண்டு, கொஞ்சம் ஒயர். மாட்யூல் ஏன் ரெண்டுன்னா 118.700-க்கே ஆறு இலக்கம் போயிடும், ஆக்டிவும் ஸ்டாண்ட்பையும் ஒரே எட்டுக்குள்ள அடங்காது. எல்லாமே சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும், ஆன்லைன்லயும் கிடைக்கும். வால்யூமுக்கு வர்ற பொட்டென்ஷியோமீட்டரையும் என்கோடரையும் மாத்தி வாங்கிட்டு வந்துராதீங்க, வெளியில பார்த்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். பொட்டென்ஷியோமீட்டர் ஒரு இடத்துல போய் முட்டி நிக்கும், என்கோடர் டக் டக்னு சுத்திக்கிட்டே இருக்கும்.

என்கோடர்ல மூணு கால் ஒரு பக்கம், நடுவுல இருக்கறது கிரவுண்டுக்கு, மத்த ரெண்டும் மெகாவோட டிஜிட்டல் பின்னுக்கு. எதிர்ப்பக்கம் ரெண்டு கால் இருந்தா அது நாபை உள்ள அமுக்கினா வேலை செய்யற சுவிட்ச், ஒரு கால் பின்னுக்கு, ஒண்ணு கிரவுண்டுக்கு. இந்த சுவிட்சைத்தான் நான் ஆக்டிவ்-ஸ்டாண்ட்பை மாத்தறதுக்குப் போடச் சொல்லுவேன், தனியா பட்டன் தேட வேணாம். நிஜ ரேடியோ மாதிரி ஒரே அச்சுல ரெண்டு நாப் இருக்கற டூயல் என்கோடர் வேணும்னு பையன் அடம் பிடிப்பான், அது லோக்கல்ல சுலபமா கிடைக்காது, விலையும் அதிகம். முதல்ல தனித்தனியா ரெண்டு வெச்சுப் பழகட்டும், இடது மெகாஹெர்ட்ஸ், வலது புள்ளிக்குப் பின்னாடி.

ரெண்டு தலைவலி கண்டிப்பா வரும். ஒண்ணு, ஒரு கிளிக் திருகினா நம்பர் ரெண்டு தாவும், இல்ல ரெண்டு கிளிக்குக்கு ஒரு தடவைதான் நகரும். என்கோடர் கெட்டுப் போச்சுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. உள்ள இருக்கற ரெண்டு சுவிட்சும் மாறி மாறித் திறந்து மூடறதுல ஒரு தடவை முடிய நாலு நிலை உண்டு, சில என்கோடர்ல அந்த நாலுக்கும் சேர்த்து ஒரு கிளிக், சிலதுல ரெண்டுக்கே ஒரு கிளிக். மொபிஃப்ளைட்ல என்கோடர் டைப்னு ஒரு இடம் இருக்கு, ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க, ஒண்ணு கச்சிதமா உக்காரும். திருகற திசை தலைகீழா இருந்தா ஓரத்துல இருக்கற ரெண்டு ஒயரையும் இடம் மாத்திக்கங்க.

ரெண்டாவது, எந்தக் கமாண்டைத் தேர்ந்தெடுக்கறீங்கங்கறது. புள்ளிக்குப் பின்னாடி நம்பரை ஏத்தறதுக்கு ரெண்டு வகை இருக்கும், ஒண்ணு .975-க்கு அடுத்து .000-க்கு வந்து மெகாஹெர்ட்ஸைத் தொடாது, இன்னொண்ணு கேரின்னு பேர்ல இருக்கும், அது மெகாஹெர்ட்ஸையும் சேர்த்து ஏத்திரும். நிஜ ரேடியோ முதல் வகை. கேரி போட்டுட்டு 118.975-ல இருந்து ஒரு கிளிக் அதிகமா போனா 119 ஆயிடும், அப்புறம் அதையும் இறக்கணும். கேரி இல்லாததையே போடுங்க.

சாதாரண என்கோடர் ஒரு முழுச் சுத்துக்கு இருபது கிளிக். 25 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு நாப்பது சேனல்தான், ரெண்டு சுத்துல முடியும். 8.33-க்குப் போனா 160 நம்பர், எட்டு சுத்து! அதனால மொபிஃப்ளைட்ல வேகமாத் திருகினா வேற கமாண்டு போற மாதிரி ஒரு வசதி இருக்கு, அதுல பெரிய தாவலா குடுத்துட்டா கை ஓயாது.

முதல்ல காம் 1 மட்டும் செய்ங்க. அது ஒரு மாசம் ஒழுங்கா ஓடின பிறகு நாவ் 1. ஒரே மூச்சுல முழு ரேடியோ ஸ்டாக்கும் செய்யப் போறேன்னு லேசர் கட்டிங் குடுத்துட்டு பாதியில அட்டைப்பெட்டியில போட்டு வெச்சிருக்கறவங்க லெட்டர் இங்க நிறைய வருது.

கேள்வி: சார்ட்ல இருக்கற விஓஆர் நம்பரை வெச்சா சிமுலேட்டர்ல எதுவுமே வரல. – புதுச்சேரி

பதில்: சார்ட்டோட தேதியையும் உங்க சிம்மோட வயசையும் பாருங்க. எஃப்எஸ்எக்ஸ் 2006-ல வந்தது, அதுக்குள்ள இருக்கற நிலையங்களும் அந்தக் காலத்ததுதான், அதுக்கப்புறம் மூடினது, மாத்தினது எதுவும் அதுக்குத் தெரியாது. நிஜத்துல இந்த விவரமெல்லாம் 28 நாளுக்கு ஒரு தடவை புதுப்பிக்கறாங்க, ஏஐஆர்ஏசின்னு பேரு. பழைய சிம்முக்கு பழைய சார்ட்டே மேல், இல்லன்னா சிம்முக்குள்ளயே இருக்கற மேப்ல அந்த நிலையத்தைக் கிளிக் பண்ணி அது காட்டற நம்பரை வைங்க.

கேள்வி: ஏர்பஸ் ஏ320-ல நாவ் ரேடியோ நாப் எங்கேன்னு தேடித் தேடி ஓய்ஞ்சுட்டேன். – கொழும்பு வாசகர்

பதில்: தேட வேணாம், ஃப்ளைட் பிளான்ல எந்த ரன்வே எந்த அப்ரோச்னு போட்டாலே விமானத்தோட கம்ப்யூட்டர் ஐஎல்எஸ்ஸை தானா டியூன் பண்ணிக்கும், சரிபார்க்க எம்சிடியூவுல (அந்தக் கம்ப்யூட்டரோட கீபோர்டும் ஸ்க்ரீனும்) ராட் நாவ் பக்கம். நடுவுல இருக்கற ஆர்எம்பிங்கற ரேடியோ பேனல் முக்கியமா காமுக்கு, அதுல நாவ்னு மூடி போட்ட பட்டன் கம்ப்யூட்டர் கைவிட்டாத்தான். எல்எஸ் பட்டனை அமுக்க மறந்தா ஊசி ஸ்க்ரீன்ல தெரியாது, அது மட்டும் ஞாபகம் வைங்க. போயிங் 737 ஓட்டப் போனீங்கன்னா கதையே வேற, அங்க ரெண்டு நாவ் பேனல்லயும் கையாலதான் வைக்கணும், விமானம் தானா இறங்கற ஆட்டோலேண்ட் வேணும்னா ரெண்டுலயும் ஒரே ஐஎல்எஸ் இருந்தே ஆகணும்.

கேள்வி: அங்கிள், ஏரோபிளேன் ரேடியோவுல பாட்டு கேக்க முடியுமா? – ஏழாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

பதில்: நல்லா கேட்டம்மா. உங்க வீட்டு எஃப்எம் 108-ல முடியுதுல்ல, விமானத்தோட நாவ் ரேடியோ சரியா அந்த 108-லதான் ஆரம்பிக்குது, ஒட்டி வீடு கட்டின மாதிரி. ஆனா பாட்டு வராது, ஏன்னா விமானத்துல பேசறதுக்கு எஃப்எம் கிடையாது, ஏஎம். எஃப்எம்ல ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசினா பலமான சிக்னல் மட்டும் கேக்கும், இன்னொருத்தர் பேசினதே தெரியாது. ஏஎம்ல ரெண்டும் மோதி கீச்சுன்னு சத்தம் வரும், யாரோ குறுக்க பேசிட்டாங்கன்னு தெரிஞ்சு மறுபடி சொல்லச் சொல்லலாம். உயிர் போற விஷயத்துல அந்தக் கீச் சத்தம் தேவை.

ஆனா ஏடிஎஃப்னு இன்னொரு ரேடியோ இருக்கு, 190-ல இருந்து 1750 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பிடிக்கும், அதுக்குள்ள மீடியம் வேவ் ஸ்டேஷனும் அடக்கம். அந்த ஸ்டேஷன் எந்தத் திசையில இருக்குன்னு ஊசி காட்டும், அது பாடற பாட்டும் கேக்கும். 1941-ல ஜப்பான் விமானங்க பேர்ல் ஹார்பரைத் தாக்கப் போனப்போ ஹொனலூலு ரேடியோ ஸ்டேஷனோட பாட்டைப் பிடிச்சுத்தான் திசையைச் சரிபார்த்துக்கிட்டுப் போச்சு. சென்னை வானொலியோட மீடியம் வேவ் 720 கிலோஹெர்ட்ஸ், ஏடிஎஃப்போட எல்லைக்குள்ளதான் வருது. சிமுலேட்டர்ல அந்த நிலையத்தையெல்லாம் பொதுவா போட்டு வைக்கறதில்ல, 720 வெச்சா ஊசி அசையாது. அப்பாகிட்ட ஒரு பழைய டிரான்சிஸ்டர் கேளு, மேசையில கீபோர்டு பக்கத்துல வெச்சுக்கலாம்.

கேள்வி அனுப்பறவங்க எந்த சிம், எந்த விமானம், ரேடியோவுல அப்ப என்ன நம்பர் இருந்துச்சுன்னு சேர்த்து எழுதுங்க. "ரேடியோ வேலை செய்யல"ன்னு ஒத்தை வரில இன்னும் நாலஞ்சு லெட்டர் மேசையில கிடக்கு, அதுக்கெல்லாம் என்ன பதில் எழுதறதுன்னு தெரியல.